வயலின் ஓரம்



சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு வியாழக்கிழமை மாலையில், பக்கத்து ஊர் ஆலயத்தின் நிலவறையில் நடைபெறும் இலவச உணவு நிலையத்தில் 20 பெட்டி தக்காளியைக் கொண்டுபோய் இறக்கினேன். நாம் ‘ஃபுட் பேன்ட்ரி’ என்று சொல்லும் அந்த இடத்தை உங்களில் பலர் அறிவீர்கள். இந்த நியூ ஜெர்சியில் ஆகஸ்டுத் தக்காளிக்கு ஈடு கிடையாது. விவசாயி ஒருவர் அதை இலவசமாகவே தந்திருந்தார். மனநிறைவோடு வீடு திரும்பினேன். சனிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது நாற்றமே எங்களை எதிர்கொண்டது. அங்கே குளிர்ப்பெட்டி இல்லை என்பதை நான் எண்ணிப்பார்க்கவில்லை. ஏறக்குறைய பாதி அழுகிப்போயிருந்தது.

வரிசையில் நின்ற மூதாட்டி ஒருவர் நல்ல பழங்களாக நான்கைத் தெரிந்தெடுத்துக்கொண்டு, டப்பா சூப்புகளைத் திருப்பித் தந்தார். இரத்த அழுத்தத்தினிமித்தம் உப்பு மிகுந்தவற்றை மருத்துவர் விலக்கியிருக்கிறாராம். எத்தனை வாரங்களாய் அதையே அவர் பையில் இட்டு அனுப்பியிருந்தோம்!

இத்தனைக்கும் இந்த ஊழியம் டப்பாக்களில் தொடங்கியதன்று. 1967-இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் முதல் உணவு வங்கியை நிறுவிய ஜான் வான் ஹெங்கல், அதற்கு முன்பே மரங்களில் பறிக்கப்படாமல் நின்ற ஆரஞ்சு போன்ற பழங்களைச் சேகரித்து ஏழைகளின் சமையற்கூடத்திற்குக் கொண்டுசென்றவர். டப்பா கெடாது, ஆகையால் பின்னாளில் அதுவே அலமாரிகளை நிரப்பிவிட்டது.

நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவும், கூச்சத்தோடு இன்னும் கொஞ்சம் கேட்கவும் அந்த விவசாயியிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. “பாஸ்டர், டப்பா வாங்கக் கடைக்குப் பணம் கொடுக்கிறீர்கள். என்னிடம் மட்டும் ஏன் மிச்சத்தைக் கேட்கிறீர்கள்?” என்றார். பறிக்கிற கூலி, பெட்டி, டீசல் எல்லாவற்றையும் கணக்கிட்டுச் சொன்னார். விலை விழுந்துவிட்டால், பறிக்காமல் உழுதுவிடுவதே குறைந்த நஷ்டமாம். உள்ளூர் விவசாயிகளிடம் விலைக்கு வாங்கி உணவு வங்கிகளுக்கு அளிக்க மத்திய அரசின் வேளாண் துறை நிதி தந்துவந்தது. அடுத்த சுற்றுக்கான அந்த நிதி 2025 மார்ச்சில் ரத்தாயிற்று. அதை நம்பி அவர் முன்னமே விதை வாங்கியிருந்தார். நான் தாராளமான நன்கொடை என்று சுமந்துபோனது, விற்க வழியற்றுப்போன ஒருவரின் விளைச்சல்.

அன்றிரவு லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். பலமுறை பிரசங்கித்த பகுதிதான். ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவைக்கச் சொல்லப்பட்ட வயலின் ஓரம், கழித்துப்போட்டதன்று. நடுவயலில் விளைந்த அதே கதிர். போவாஸும் ரூத்துக்காக அரிக்கட்டுகளிலிருந்தே வேண்டுமென்று சிந்தவிடச் சொன்னான். ஆனால் அவன் சிந்தவிட்டது தன் சொந்த விளைச்சலை. நானோ, வயல் இன்னொருவருடையதாக இருக்க, தாராளத்தை என்னுடையதாக்கிக்கொண்டிருந்தேன்.

திருநெல்வேலிச் சீமையில் அறுப்பின் பண்டிகை ஏலங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப்போல் பல மடங்குக்குப் போகும். சிறுவனாய் இருந்தபோது அதைக் கண்டு சிரித்திருக்கிறேன். என் தகப்பனார் ஒருமுறை ஒரு வாழைத்தாருக்குக் கொடுத்த விலையைக் கேட்டு அம்மா இரண்டு நாள் பேசவில்லை!

அக்டோபரில் நாமும் அப்படி ஓர் ஏலம் நடத்தினோம். முருங்கைக்கீரைக்கு நடந்த போட்டியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்தப் பணத்தில் பழைய குளிர்ப்பெட்டி ஒன்றை வாங்கினோம். மீதியை, விதைப்புக்கு முன்னமே, அந்த விவசாயிக்கு முன்பணமாகக் கொடுத்தோம். பெரிய தொகையன்று, அவருடைய வரிசைகளில் நான்கைந்துக்குப் போதுமானது. அந்த வரிசைகளை அவர் வீட்டருகே, நல்ல மண்ணில் நட்டிருக்கிறார். நான் கேட்காமலே அதைக் காட்டினார்.

லெட்டூஸும் பச்சைப் பட்டாணியும் இந்த வாரம் ஆயத்தம் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு ஆலயத்திலிருந்து வேன் புறப்படும். பெட்டி தூக்க நால்வர் வேண்டும். அந்த மூதாட்டி பீட்ரூட் கேட்டிருக்கிறார். அதற்கு இன்னும் மூன்று வாரமாகுமாம்.