போகிற பிள்ளைகள்

விதைக்கிறவன் உவமையைக் கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. மத்தேயு 13-ஆம் அதிகாரத்தில் விதை முதலில் வழியோரத்தில் விழுகிறது, அப்புறம் கற்பாறையில், அப்புறம் முள்ளுக்குள். நல்ல நிலத்துக்கு வந்துசேருமுன் வகுப்பில் ஒரு கை உயர்ந்துவிடும். "அந்தாளுக்கு வெள்ளாமை தெரியுமா டீச்சர்? வெதையக் கொண்டுபோயி யாராச்சும் பாறையில போடுவாங்களா?" கேட்கிறவனின் அப்பா டிராக்டரில் விதைப்புக் கருவியைப் பூட்டி மக்காச்சோளம் போடுகிறவர். ஒரு விதை சால் தப்பி விழுந்தாலும் அவருக்கு மனசு ஆறாது. இன்னொருத்தி விடமாட்டாள்: "பறவை வந்து தின்னுச்சு, சரி. பன்னி ஏன் வரல?" காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் உழப்பிப்போட்ட காட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கும் அந்தப் பிள்ளை. 2018-இல் படைப்புழு வந்து சோளக் குருத்தைத் தின்றபோது அதையும் உவமையில் சேர்க்கச் சொன்னார்கள்.

பழைய பாலஸ்தீனத்தில் விதையைத் தூவிவிட்டுப் பிறகுதான் உழுவார்கள் என்று சொல்கிற வேத ஆய்வாளர்கள் உண்டு. அந்தப் பதில் என் கையில் இருக்கிறது. ஆனால் உடனே எடுத்து நீட்டுவதில்லை. "நீ சொல்லு, ஏன் அப்படிப் போட்டிருப்பான்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். கொஞ்ச நேரம் ஒரே இரைச்சலாக இருக்கும். பிறகு யாராவது ஒரு பிள்ளை, அநேகமாக அன்றுவரை வாயே திறக்காத ஒன்று, "வெதை நெறைய வச்சிருந்திருப்பான்" என்று சொல்லும். அதற்குமேல் நான் விளக்கிச் சொல்ல என்ன இருக்கிறது?

இடைசெவலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், சின்ன சபை. வடக்கே கோவில்பட்டி, தெற்கே கயத்தாறு, நடுவில் நெடுஞ்சாலை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், எண்பதுகளில், ஓய்வுநாள் பள்ளியை என் தலையில் கட்டினார்கள். இன்னும் இறக்கிவைக்கவில்லை.

அன்றைக்கு வந்த பிள்ளைகளில் பலருக்கு வாரத்தில் ஆறு நாள் தீப்பெட்டி ஆபீஸ். விடியுமுன்னே பஸ் வந்து ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போகும். அங்கே சட்டத்தில் குச்சி அடுக்குவார்கள். வீட்டில் இருக்கிற சின்னதுகள் பெட்டி ஒட்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கைகூப்பச் சொன்னால் விரலிடுக்கில் பசை காய்ந்து வெள்ளையாகத் தெரியும். 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியதும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான். அங்கே ஆறு நாள் குண்டூசித் தொழிற்சாலை, ஏழாம் நாள் தெரு. வேதபுத்தகத்தை வைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இருநூறு வருஷம் கழித்து இங்கே குண்டூசி இருந்த இடத்தில் தீக்குச்சி. நாங்களும் அ, ஆவில் ஆரம்பித்துத்தான் சங்கீதத்துக்குப் போனோம்.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. மெஷினும் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். இந்த மாற்றத்தில் சபைக்குப் பெரிய பங்கு என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கம் நான் பார்த்தவரையில் சட்டமும் சத்துணவும் அரசுப் பள்ளிக்கூடமும் செய்ததில் கால்வாசிகூடச் சபை செய்யவில்லை. இருந்ததை இருந்தபடி சொல்லிவிடுவது நல்லது. இன்றைய பிள்ளைகள் இதையெல்லாம் தேடிப் படித்துவிட்டு வந்து நம்மையே கேட்கிறார்கள்.

இன்று வேன் வந்து கோவில்பட்டிக்கு ஏற்றிக்கொண்டு போகிறது, ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு. ஞாயிற்றுக்கிழமையும் டியூஷன், நீட் பயிற்சி. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தால் திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், பெங்களூர், துபாய். மழையை நம்பிய புஞ்சையில் யாரைப் பிடித்து நிறுத்த முடியும்? பிஷப் வந்து தலையில் கைவைத்துத் திடப்படுத்தல் கொடுக்கிற ஆராதனையைப் பிரிவுபசார விழா என்று எங்கள் வீட்டில் கேலியாகச் சொல்வோம்.

வாலிபர் ஞாயிறு வந்தால் பேனர் கட்டுவார்கள்: வாலிபரே சபையின் எதிர்காலம். கட்டுகிற பையனே அடுத்த ஜூனில் ஊரில் இருக்கமாட்டான். ரொம்ப காலம் இது எனக்குச் சோர்வாகத்தான் இருந்தது. வளர்த்து வளர்த்து வெளியூர்க்காரனுக்குக் கொடுக்கிற வேலை மாதிரி. பிறகு அந்த உண்மையை வைத்தே பாடத்தை அமைக்கத் தொடங்கினேன். இந்தப் பிள்ளை போகப்போகிறது. போகிறபோது அதன் பெட்டியில் என்ன இருக்கும்? ஐந்து வயதிலிருந்து பதினேழு வயதுவரை என் கையில் இருக்கிற காலத்துக்கு இது ஒன்றுதான் கேள்வி. ஊர்க் கோவில் கட்டடத்தின்மேல் பாசம் வைக்கச் சொல்லிக் கொடுப்பதில் எனக்கு அக்கறை போய்விட்டது. கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏற முடியாது.

தூக்கிக்கொண்டு போகக்கூடியது மனப்பாடம். இதில் நான் பழைய பஞ்சாங்கம். 23-ஆம் சங்கீதம், 91, 121, பிறகு கீர்த்தனைகள். பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் கும்மியாகவும் குறவஞ்சியாகவும் எழுதிவைத்தாரே, வயக்காட்டுப் பெண்ணும் வாசிக்கத் தெரியாமலே பாடட்டும் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார் என்பது என் எண்ணம். இப்போது கோவிலுக்குள் புரொஜக்டர் வந்துவிட்டது. பாட்டின் வரி சுவரில் ஓடுகிறது. சின்னப் பிள்ளை முதல் பெரியவர்வரை சுவரைப் பார்த்துப் பாடுகிறோம், கரண்ட் போனால் பாட்டும் போய்விடுகிறது. புதுப் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீபோர்டு வாசிக்கிற பையன்கள் நன்றாகவே வாசிக்கிறார்கள். எதைப் பாடினாலும் சுவர் இல்லாமல் ஒருதரம் பாடு என்பேன், அவ்வளவுதான். இரவு ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்புகிறவனுக்குச் சுவரில் யாரும் வரி ஓட்டமாட்டார்கள்.

கதை சொல்வதுதான் இந்தத் தொழிலின் உயிர். அதைக் கற்றுக்கொள்ள நான் வேதாகமக் கல்லூரிக்குப் போகவில்லை, இடைசெவல் பக்கத்தில் வாழ்ந்தாலே போதும். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒரே ஊரில், ஒரே 1923-இல் பிறந்தவர்கள். கி.ரா. பள்ளிப் படிப்பை முடிக்காதவர், பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் கதைகளுக்காகப் பேராசிரியராக உட்கார்ந்தவர். அவர் கதைகளை வாசித்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். கேட்கிறவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு சின்ன விவரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால், தெரியாத பெரிய விவரத்தையும் நம்பிவிடுவான். காணாமல்போன ஆட்டைச் சொல்லும்போது ஆடு எந்த முள்ளில் மாட்டியது என்று கேட்பேன். சீமைக்கருவேலை என்பார்கள். இருக்கட்டும். மேய்ப்பன் கையில் கீறல் விழுந்துவிடும், கதையும் அவர்கள் கதையாகிவிடும்.

மத்தேயு 25-ஆம் அதிகாரம், பசியாயிருந்தேன் என்கிற பகுதி, பெரிய பிள்ளைகளுக்கு வருகிறபோது நான் முதலில் வேதத்தைத் திறப்பதில்லை. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைச் சொல்வேன். தீபாவளிக்கு முந்தின நாள் ஏழை வீட்டு வாசலில் வந்து நிற்கிற, சிரங்கு பிடித்த அநாதைப் பையன். அவனைக் குளிப்பாட்டி விடுகிற அந்தத் தாய். சொல்லி முடித்தபிறகு வேதத்தைத் திறந்தால் வகுப்பில் ஒரு பெரிய அமைதி வரும், பயல்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தக் கதையில் சாமி பெயரே சரியாக இல்லையே என்று ஒரு மூப்பர் குறைப்பட்டார். பிள்ளைகளுக்கு அந்தக் குறை தெரியவில்லை.

ஜெபம் அடுத்தது. எழுதிக்கொடுத்த ஜெபத்தை ஒப்பிப்பது இல்லை, சொந்த வாயால், சத்தமாக, நாலு வரி. "ஆண்டவரே, எங்கப்பா குடிக்காம இருக்கணும்" என்று ஒரு பிள்ளை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால் நாம் திகைத்துப் போகக்கூடாது. ஆமென் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்க வேண்டும். பிறகு தனியாக அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும். ஊழியத்தில் பாதி அந்த ரெண்டாவது வேலைதான், அதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பக்கம் ஒதுக்கியிருக்கமாட்டார்கள்.

பதினைந்து வயதைத் தாண்டியவர்களை வகுப்பில் உட்காரவைப்பதை நான் விட்டுவிட்டேன். அவர்கள் எடுக்கட்டும். மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். (1898-இல் நியூயார்க்கில் ஹாஸ் என்ற அம்மா இப்படி ஒரு பள்ளியைத் தொடங்கியது வாடகைக்கு எடுத்த ஒரு மதுக்கூடத்தில். இதைச் சொன்னால் வாலிபர்களுக்கு அந்த அம்மாமேல் மரியாதை வந்துவிடுகிறது.) சின்ன வகுப்புகள் அத்தனையும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் பொறுப்பு. பரிசு கடலை மிட்டாய், கோவில்பட்டியில் வேறென்ன கிடைக்கும். "பிள்ளைக தப்புத்தப்பாச் சொல்லிக்கொடுக்கும்" என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். சொல்லும்தான். பெரியவர்கள் பிரசங்கத்தில் சொல்லாத தப்பா? நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது. போகிற ஊரில் தனியாக இருந்தாலும் இரண்டு பேரைக் கூட்டி உட்காரவைக்கத் தெரியும்.

இது புதுமை ஒன்றும் கிடையாது. 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவுக்கு வயது இருபத்தெட்டு. வெள்ளாளன்விளைக்காரர், ஒய்.எம்.சி.ஏ.வில் வாலிபர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். பணமும் நம்முடையது, ஆளும் நம்முடையது என்று நிபந்தனை. பெண்கள் உலையில் போடுமுன் எடுத்துவைக்கிற கைப்பிடி அரிசிவரை அதற்குப் போய்ச் சேர்ந்தது. ஆட்களை அனுப்பிய இடம் தோர்ணக்கல். போனவர்கள் அங்கே உட்கார்ந்து தெலுங்கு படித்தார்கள். இடைசெவல் பக்கத்து வீடுகளில் தெலுங்கைக் கேட்டே பழகிய எனக்கு இது எப்போதும் சிரிப்பை வரவழைக்கும். 1912-இல் அவர் தோர்ணக்கல் பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பிஷப். 1959-இல் தொடங்கிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழுவும் வாலிபர்கள் கூடி ஜெபித்ததில் முளைத்ததுதான். இருபத்தெட்டு வயதுக்காரனை இன்று எங்கள் சேகரத்தில் என்ன செய்யச் சொல்கிறார்கள்? கிறிஸ்துமஸ் கேரலுக்கு லைட் பிடிக்கச் சொல்கிறார்கள்.

ஊரைவிட்டுப் போனதோடு சபையையும் விட்டவர்களிடம் நான் பேசியிருக்கிறேன். போனில்தான், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அவர்களுக்கு ஓய்வு. அறிவியல் படித்ததால் விசுவாசம் போய்விட்டது என்று சொன்னவர்கள் குறைவு. அதிகம் பேர் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, திருமண்டலத் தேர்தல். அணி, பேனல், கோர்ட் என்று பெரியவர்கள் அலைவதை வீட்டுத் திண்ணையிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். இன்னொன்று, சாதி. இந்த ஊர்ச் சபை ஒரு சாதி, பக்கத்து ஊர்ச் சபை வேறு சாதி. மேய்ப்பர் ஒருவர்தான், சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் மட்டும் இரண்டு. "பரலோகத்துலயாச்சும் ஒரே வாசலா டீச்சர்?" என்று கேட்டவள் இப்போது சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு விளையாட்டும் கைவேலையும் பாப்கார்னும் வைத்து வாலிபர் முகாம் நடத்தி என்ன பதில் சொல்ல முடியும்? முகாம்கள் நடக்கட்டும், எனக்கு விரோதம் இல்லை. ஆனால் பிள்ளைகளைக் கவர்வது எப்படி என்றே யோசிக்கிற ஊழியம் அவர்கள் கேட்ட கேள்விக்குக் கிட்டேகூடப் போகவில்லை. பக்கத்து ஊர்ச் சபையோடு சேர்ந்து ஒரே இடத்தில் மே மாத வகுப்பை நடத்த ஆரம்பித்தோம், இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பாயில். முதல் வருஷம் எங்கள் ஊரில் சில வீடுகள் பிள்ளையை அனுப்பவில்லை. போன வருஷம் அதில் ஒரு வீட்டுப் பிள்ளையே வகுப்பெடுத்தது.

வெளியூர்ப் பிள்ளைகள் அனுப்புகிற காணிக்கை இப்போது எங்கள் சபை வரவில் பெரிய பங்கு. டைல்ஸ், ஸ்பீக்கர், கோபுரத்துக்குப் பெயின்ட் எல்லாம் அதில்தான். எதற்குச் செலவழிக்கலாம் என்று அவர்களை ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. சபை விருந்தான அசனத்துக்கு விடுமுறை எடுத்து வந்து விடிய விடிய வெங்காயம் உரித்துப் பந்தி பரிமாறுகிறார்கள். கணக்கு வாசிக்கிற நேரத்தில் பின்வரிசை. இருபத்தைந்து வயதுக்குட்பட்ட இரண்டு பேரைக் கமிட்டியில் உட்காரவைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். "பாப்போம்" என்றார்கள். மறுபடி எழுதினேன். இந்த வருஷம் அசனக் கணக்கை மட்டும் அவர்கள் எழுதட்டும் என்று இறங்கி வந்திருக்கிறார்கள். எழுதப்போகிறவள் நேற்றே கடைக்காரரிடம் பில் கேட்டாளாம். அது பெரியவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.