தேய்ந்த சிங்கம்

மொரப்பூரிலிருந்து தருமபுரி போகும் சாலையோரம் ஒரு ஓட்டு வீடு. திண்ணையில் பழைய தினசரி விரித்திருக்கிறது. அதன்மேல் எவர்சில்வர் தட்டு. தட்டில் ஒரு மண் உருண்டை. குச்சிக்கிழங்கு பிடுங்கிய குழியில் கிடைத்தது. உருண்டையின் ஓரம் பச்சையாக இருக்கிறது. களிம்பு.

ஓய்வுபெற்ற ஆசிரியர் சம்மணமிட்டு உட்காருகிறார். பையிலிருந்து பூதக்கண்ணாடி வருகிறது. பிறகு பென்சில், பழைய டூத் பிரஷ், ஒரு காகிதப் பொட்டலம். பொட்டலத்தில் கருவேல முட்கள்.

வீட்டுக்காரர் செம்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடக்கிறார்.

"போர் தண்ணி வேண்டாங்க."

செம்பு பாதி வழியில் நிற்கிறது. இந்த மாவட்டத்து ஆழ்குழாய் நீரில் உப்பும் ஃபுளோரைடும் அதிகம். ஒரு தலைமுறையின் பற்களில் அதன் கறை உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. ஆசிரியர் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைத் திறக்கிறார். லாரி பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். கிண்ணத்தில் மண் உருண்டை மூழ்குகிறது.

எல்லோரும் கிண்ணத்தைப் பார்க்கிறார்கள். சேலம் பக்கமிருந்து ஒரு சரக்கு ரயில் வருகிறது. பெட்டிகள் நீளமாகப் போகின்றன. நீர் கலங்குகிறது.

"கோட்டைக்காரங்களோடதா இருக்குமா, சார்?" வீட்டுக்காரரின் கை தென்கரைக்கோட்டை இருக்கும் திசையைக் காட்டுகிறது. ஹைதர் அலியின் படையும் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் மோதிய வட்டாரம். 1792இல் திப்புவிடமிருந்து இந்த வட்டாரம் அடங்கிய பாராமகால் கும்பினியின் கைக்குப் போனது.

ஆசிரியர் பதில் சொல்வதில்லை. கிண்ணத்துத் தண்ணீரை மாற்றுகிறார். இரண்டாம் முறை கலங்கல் குறைகிறது. மூன்றாம் முறை ஒரு வட்டம் தெரிகிறது. ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. முகம் குவிந்திருக்கிறது. முதுகில் தைப்பதற்கான வளையம்.

"திப்பு காலத்துப் பொத்தான் தட்டையா இருக்கும். இது ரெண்டு தகட்டைச் சேர்த்து மடிச்சது."

வீட்டுக்காரர் கோட்டைத் திசையிலிருந்து கையை இறக்குகிறார்.

முள் வேலையைத் தொடங்குகிறது. குத்துவதில்லை, சுரண்டுவதில்லை. பள்ளத்தில் கிடக்கும் மண்ணை மட்டும் நெம்புகிறது. முனை மழுங்கினால் அடுத்த முள். பிரஷ் ஒரே திசையில் போகிறது. கரும்பச்சை அப்படியே இருக்கட்டும் என்று விடுகிறார். விளிம்பில் வெளிர்ப்பச்சைப் பொடி ஒரு கடுகளவு. அங்கே பூதக்கண்ணாடி நெடுநேரம் நிற்கிறது. அந்தப் பொடி ஈரம் பட்டால் உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். கோயில் செப்புத் திருமேனிகளுக்கும் அதே நோய்தான் எமன். அதற்கு மருந்து பார்க்கவே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள்.

உள்ளேயிருந்து ஆயா வருகிறார். கையில் புளி உருண்டை, கொஞ்சம் உப்பு.

"இதப் போட்டுத் தேய்ச்சா தங்கமாட்டம் ஆயிடும்."

வாசற்படியில் அவர் தேய்த்த குத்துவிளக்கு மின்னுகிறது. ஆசிரியர் விளக்கைப் பார்க்கிறார். பிறகு பொத்தானின் மேல் கையை வைத்து மூடிக்கொள்கிறார்.

"வேண்டாம்மா. புளி களிம்போட சேர்த்துப் பித்தளையையும் தின்னுடும்."

புளி உருண்டை ஆயாவின் கையிலேயே இருக்கிறது.

பேரன் குனிகிறான். "நாய்."

"சிங்கம்," என்கிறார் ஆசிரியர். இடப்பக்கம் சிங்கம். வலப்பக்கம் ஒற்றைக்கொம்புக் குதிரை. நடுவில் கேடயம், மேலே மகுடம். பிரிட்டிஷ் அரச முத்திரை.

மகுடத்தில் முள் நிற்கிறது. விக்டோரியா காலத்து மகுடத்தின் வளைவு நடுவில் பள்ளம் விழும். 1901க்குப் பிறகு வந்த அரசர்களின் மகுடம் குவிந்து எழும். இது குவிந்திருக்கிறது. பென்சில் தினசரியின் ஓரத்தில் எழுதுகிறது: 1901க்குப் பின்.

பொத்தான் திரும்புகிறது. முதுகில் வட்டமாக எழுத்துகள். முள் ஒவ்வொன்றாகத் திறக்கிறது. பாதி அரித்துப் போயிருக்கிறது. மிச்சம் ஒரு ஊர்ப்பெயர்: பர்மிங்ஹாம். உலகத்துக்கே பொத்தான் அடித்த ஊர். சென்னை மாகாணத்துக்காகக் கும்பினி 1803இலும் 1808இலும் வெளியிட்ட செப்புக் காசுகளும் அங்கே ஒரு பொத்தான் முதலாளியின் ஆலையில் அச்சானவைதான். மேத்யூ போல்ட்டன் அவர் பெயர்.

"எந்தப் படைன்னு தெரியுமா, சார்?"

பென்சில் நகர்வதில்லை. 1871 வரை பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாயின் பொத்தானில் அவன் படைப்பிரிவின் எண் இருந்தது. அந்த ஆண்டு எண்ணை எடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே சிங்கம், ஒரே குதிரை. ரயிலில் இறங்கிய வெள்ளைக்காரச் சிப்பாயின் கோட்டிலிருந்து விழுந்திருக்கலாம். போருக்குப் பின் சந்தையில் விற்ற பழைய ராணுவக் கோட்டிலிருந்தும் விழுந்திருக்கலாம். குழி வெட்டிய வயலுக்குப் பக்கத்தில்தான் தருமபுரிக்குப் போன சின்ன ரயில் பாதை இருந்தது என்கிறார் வீட்டுக்காரர். 1906இல் வந்த பாதை. பிறகு ஓசூர் வரை நீண்டது. 1941இல், இரண்டாம் உலகப் போரின் நடுவே, மூடிவிட்டார்கள்.

பூதக்கண்ணாடி மறுபடி சிங்கத்துக்குப் போகிறது. குதிரையின் பிடரி மயிர் கூர்மையாக இருக்கிறது. கேடயத்தின் கோடுகள் தெரிகின்றன. உயர்ந்து நிற்கும் இடங்கள் மட்டும் வழவழப்பு. சிங்கத்துக்கு மூக்கே இல்லை.

"மண்ணு தின்னா எல்லா இடத்தையும் தின்னும். இது கை தேய்ச்ச தேய்ப்பு."

ஆசிரியர் ஒரு அட்டையை நடுவில் கீறி, பொத்தானின் வளையத்தை அதில் நுழைத்துக் காட்டுகிறார். சிப்பாய்களிடம் இப்படி ஒரு பித்தளைத் தகடு இருக்கும். துணியில் கறை படாமல் பொத்தானை மட்டும் மெருகேற்றுவார்கள். அணிவகுப்புக்கு முன் தினமும். மங்கியிருந்தால் தண்டனை. அவருடைய கட்டைவிரல் காற்றில் மெல்ல முன்னும் பின்னும் போகிறது. பேரனின் விரலும் போகிறது.

ஆயா புளியைத் திண்ணை ஓரத்தில் வைக்கிறார்.

"கலெக்டருக்குச் சொல்லணுமா, சார்?" வீட்டுக்காரரின் குரல் இறங்குகிறது. மண்ணில் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். ஆசிரியர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுக்கிறார். "தாசில்தாருக்கு ஒரு மனு எழுதி வச்சிடுங்க. எந்த இடம், எத்தனை அடி ஆழம், என்ன தேதி. மறக்கறதுக்குள்ள."

வீட்டுக்காரர் எழுதுகிறார். ஆழம் என்ற இடத்தில் முழங்கையை அளந்து பார்த்துக்கொள்கிறார்.

ஆயா சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றி வருகிறார். கண்ணாடிச் சட்டத்துக்குள் தொப்பி வைத்த இளைஞன். "எங்க மாமனாரு. பட்டாளத்துல இருந்தாரு."

படத்தின் மேல் பூதக்கண்ணாடி இறங்குகிறது. மார்பில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். ஒன்றில்கூடச் சிங்கம் தெரியவில்லை. ஆசிரியர் இல்லை என்றும் சொல்வதில்லை, ஆமாம் என்றும் சொல்வதில்லை.

"அவரோட டிஸ்சார்ஜ் புக்கு இருக்காம்மா? நம்பரும் ரெஜிமெண்டும் அதுல போட்டிருக்கும்."

டிரங்குப் பெட்டி திண்ணைக்கு வருகிறது. பூட்டு இல்லை. பேரன் மூடியைத் தூக்கிப் பிடிக்கிறான். பட்டா. கந்தாய ரசீதுகள். ஒரு கல்யாணப் பத்திரிகை. நூல் சுற்றிய கட்டு ஒன்று. பிரித்தால் கூட்டுறவுச் சங்கக் கடன் பத்திரம்.

"அதுக்கு அடியில பாரு," என்கிறார் ஆயா.