விதியா? வழக்கா?

விபத்து நேர்ந்த வீட்டின் வாயிலிலே இருவர் வந்து நிற்கின்றனர். ஒருவர் கையிலே பஞ்சாங்கம். மற்றவர் கையிலே வக்காலத்துப் படிவம். "எல்லாம் விதி; அழுது தீர்" என்கிறார் முன்னவர். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், கையெழுத்துப் போடு" என்கிறார் பின்னவர். பேச்சு வேறு வேறு. ஆனால் இருவரும் நம்மிடம் வேண்டுவது ஒன்றுதான் — எண்ணாதே, ஏன் என்று கேளாதே!

ஏட்டிலே படித்துச் சொல்லவில்லை, தோழர்களே! என் தமக்கையின் கட்டிலருகே நின்று கண்டதைத்தான் சொல்கிறேன்.

தமக்கைக்கு வயது 34. கும்பகோணத்தில், வீட்டுத் திண்ணையிலே ஒரு தையல் பொறி. தெருப் பெண்களின் இரவிக்கையும், பள்ளிப் பிள்ளைகளின் சீருடையும் தைத்து, மாதம் ஒன்பதாயிரம் ஈட்டி வந்தவர். உறவினர் திருமணத்திற்குச் சென்றவர், உளுந்தூர்பேட்டைக்கு அருகே சாலையோரத்தில் பேருந்துக்காகக் காத்திருந்தார். தறிகெட்டு வந்த லாரி மோதிற்று. உயிர் பிழைத்தது, வலது கால், முழங்காலுக்குக் கீழே போயிற்று. தையல் பொறியை மிதித்த கால் அது!

"தலைக்கு வந்தது காலோடு போயிற்றே, அதுவே பெரிது" என்றார் அத்தை. அட்டமத்துச் சனி என்றார் சோதிடர். சனி விலகட்டும், பிறகு கோர்ட்டு, கச்சேரி என்று போகலாம் என்பது அவர் அளித்த அறிவுரை.

சனி விலக இரண்டரை ஆண்டாம். சட்டம் அவ்வளவு நாள் காத்திருக்குமா? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தம், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விபத்து நடந்த ஆறு மாதத்திற்குள் இழப்பீட்டு மனு தரவேண்டும் என்று அதிலே எழுதியிருக்கிறது. சனியின் கணக்கை நம்பிச் சட்டத்தின் கணக்கைத் தவற விட்டால், இழப்பு யாருக்கு? சோதிடருக்கா?

மருத்துவமனை வராந்தாவிலேயே மற்றவர் வந்துவிட்டார். வழக்கறிஞரல்லர்; வழக்கறிஞருக்கு ஆள் பிடிப்பவர். "தம்பி, ஒரு காசு நீ தரவேண்டாம். சென்னையிலே போட்டால்தான் பெரிய தொகை வரும். வருவதில் நூற்றுக்கு முப்பது எங்களுக்கு. அக்காவை இந்த ஐந்து தாளில் கையெழுத்துப் போடச் சொல்" என்றார். ஐந்தில் மூன்று, எழுத்தே இல்லாத வெற்றுத் தாள்!

"எழுதாத தாளில் எதற்கு ஒப்பம்?" என்றேன். "வாத்தியார் வேலையை இங்கே காட்டாதே தம்பி" என்று நகைத்தார். நான் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

கும்பகோணத்திலேயே, நடந்து போகும் தொலைவில், ஒரு வழக்கறிஞர் அம்மையாரிடம் சென்றேன். சென்னைக்குத்தான் போகவேண்டுமா என்று கேட்டேன். விபத்து நடந்த இடம், பாதிக்கப்பட்டவர் வாழும் இடம், எதிர்த்தரப்பார் இருக்கும் இடம் — இவற்றில் எந்த எல்லையிலுள்ள தீர்ப்பாயத்திலும் மனு தரலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருடையது என்று விளக்கினார். கால் இழந்தவர், வாய்தா தோறும் சென்னைக்கு அலைவதெங்கே? உள்ளூர்த் தீர்ப்பாயத்திற்குச் செல்வதெங்கே?

பின்னர் அவரே வீட்டிற்கு வந்தார். "என்ன தொழில் அம்மா?" என்றார். "தொழில் என்ன, சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்" என்றார் அக்கா. மருத்துவமனை ஏட்டிலும் அப்படித்தான் பதிந்திருந்தது. ஊருக்கே உடை தைத்துக் கொடுத்தவள், தன்னைச் சும்மா இருப்பவள் என்கிறாள்! எத்தனை தலைமுறை சொல்லிக் கொடுத்த பாடம் அது!

வழக்கறிஞர் திண்ணையைப் பார்த்தார். "அளவு எழுதும் நோட்டு இருக்கிறதா?" என்றார். இருந்தது, நான்காண்டு நோட்டுகள்: பெயர், அளவு, கூலி, தேதி. நூல் வாங்கிய ரசீதுகளும் இருந்தன. "இதுதானம்மா உங்கள் சம்பளச் சீட்டு" என்றார். ஒரு தையலும் தைக்காத இல்லத்தரசியாயினும், அவர் வீட்டு உழைப்புக்கு மதிப்பு வைத்தே இழப்பீடு கணக்கிட வேண்டும் என்று 2021-ல் உச்சநீதிமன்றம் கூறியிருப்பதையும் சொன்னார். அக்கா அன்றுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தொகை எப்படி வரும்? மந்திரமா? இல்லை, பள்ளிக் கணக்கு! மாதம் 9,000 எனில் ஆண்டுக்கு 1,08,000. நாற்பது வயதுக்குட்பட்டுச் சொந்தத் தொழில் செய்வோர்க்கு, வருங்கால உயர்வுக்காக நூற்றுக்கு நாற்பது சேர்க்கவேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, 1,51,200 ஆகிறது. 34 வயதுக்குரிய பெருக்கெண் 16 என்பது 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பு; பெருக்கினால் 24,19,200. இதில் ஈட்டும் ஆற்றல் எத்தனை விழுக்காடு போயிற்றோ, அத்தனை பங்கு. 60 எனில் 14,51,520. மருத்துவச் செலவு, செயற்கைக் கால், பட்ட வேதனை ஆகியவை தனி.

அந்த விழுக்காட்டில்தான் வழக்கே இருக்கிறது. இடக்கை இழந்த தச்சர், தொழிலையே இழக்கலாம். அதே கை இழந்த அரசு எழுத்தர், வேலையில் தொடரலாம். ஆகவே உறுப்பின் ஊனத்தை மட்டும் பார்க்காதே, பிழைப்பின் ஊனத்தைப் பார் என்பது 2010-ல் உச்சநீதிமன்றம் வகுத்த நெறி. மிதிபொறித் தையற்காரிக்குக் கால் என்ன என்பதை, திண்ணையைக் கண்ட வழக்கறிஞர் எடுத்துரைப்பார். வராந்தாவில் வெற்றுத்தாள் நீட்டியவர் எதைக் கண்டார்?

கட்டணத்தையும் வெளிப்படையாகப் பேசினோம். இவ்வளவு என்று முடிவாயிற்று. என் சம்பளத்திலிருந்து தவணையாகத் தருகிறேன். ஒவ்வொன்றிற்கும் ரசீது உண்டு. கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதும், ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடுத்த செயல்கள். அந்த முப்பது விழுக்காடு, சலுகையல்ல, சூறை!

வழக்கு இன்னும் நடக்கிறது. எவ்வளவு வரும் என்று நான் ஆரூடம் கூறப் போவதில்லை. ஆனால் ஒன்று உறுதி: இழப்பீடு பிச்சையன்று. காப்பீடின்றி வண்டியைச் சாலையில் விடக்கூடாது என்று சட்டம் கட்டாயப்படுத்தியிருப்பதே, இப்படி அடிபடுவோர்க்காகத்தான்.

ஆகவே, தோழர்களே! உங்கள் தெருவில் இத்துயர் நேர்ந்தால், ஆறுதல் கூறுவதோடு திரும்பாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் படியை வாங்கிக் கொடுங்கள். ரசீதுகளைக் கோத்து வையுங்கள். எழுதாத தாளில் ஒப்பமிட விடாதீர்கள். கட்டணம் தர இயலாதா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் இனத்தார்க்கும், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம். தொகை கிடைக்கும் நாளில், அது பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்கிலேயே நேராகச் சேரட்டும். 2025-ல் உச்சநீதிமன்றம் காட்டிய வழியும் அதுவே.

ஒப்பமிடும் விரல் நம்முடையது. அதை இயக்கும் அறிவும் நம்முடையதாகவே இருக்கட்டும்!