கயிற்றின் மறுமுனை

எங்க நைனா பாறையில் தொங்கினதுக்கு யாரும் கைதட்டினதில்லை. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்குவாரி. அறுபது எழுபது அடிக்குச் செங்குத்தாக வெட்டி இறக்கின கல். மேலே இருந்து இடுப்பில் வடத்தைக் கட்டிக்கொண்டு பாதி உயரத்துக்கு இறங்கி, ஒரு கையில் உளி, ஒரு கையில் சுத்தி, வெடி வைக்கக் குழி போடுவார். மேலே நட்டிருக்கும் கடப்பாரையில் வடத்தை ரெண்டு சுற்றுச் சுற்றி, காலை உதைத்துக்கொண்டு பிடித்திருப்பது எங்க மாமா, அம்மாவின் தம்பி. கஞ்சித் தூக்கோடு போகும் நான் தள்ளியே நிற்கணும். மாமாவுக்குப் பேச்சுக் குடுக்கக் கூடாது.

வேறு யார் கையிலும் நைனா வடத்தைக் குடுத்ததில்லை. மாமாவுக்குக் காய்ச்சல் என்றால் அவருக்கும் அன்றைக்கு வேலை இல்லை. மேஸ்திரி கத்துவான். வாங்கின முன்பணத்தில் அந்த நாள் கழியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்தாச்சு. அது எங்க குவாரி வரைக்கும் வந்து சேர்ந்ததை நான் பார்க்கவில்லை. நைனா கயிற்றில் சாகவில்லை. நெஞ்சில் சேர்ந்த கல்தூசில் செத்தார். டி.பி. என்று சொல்லி மாத்திரை குடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்பேர்ப்பட்டவர் மகன் நாற்பது வயசில் காசு குடுத்துப் பாறை ஏறப் போனான் என்றால் சிரிப்பீங்க. அம்மா சிரிக்கவில்லை. "இன்னாத்துக்குடா? உங்க நைனா ஏறினது பத்தாதா?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. 2014 மே 25ஆம் தேதி மாலாவத் பூர்ணா என்ற லம்பாடிப் பெண், பதிமூன்று வயசு, ஆனந்த் குமார் என்ற தலித் பையனோடு எவரெஸ்டு உச்சியில் நின்றாள். ரெண்டு பேரும் சமூக நல உறைவிடப் பள்ளியில் படித்த பிள்ளைகள். முதலில் ஏறிப் பழகினது ஐதராபாத் பக்கம் போங்கீர் பாறையில். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. கூலிக்கு இல்லாமல், மேஸ்திரி இல்லாமல், சும்மா ஒருநாள் ஏறிப் பார்க்கணும்.

நான் பெங்களூரில் வேலை செய்கிறேன். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டரில் ராமநகரம். 1975இல் வந்த 'ஷோலே' படத்தில் கப்பர் சிங் உட்கார்ந்திருந்த பாறைகள் அங்கேதான். எல்லாம் கருங்கல் குன்றுகள். ராமதேவர பெட்டத்தை 2012இல் பாறுக் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். அதனால் எந்தப் பாறையில் ஏறலாம், எதில் கூடாது என்று தெரிந்த ஆள் வேணும். அதைவிட முக்கியம், கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள் வேணும். பாறை ஏறுவது தனியாள் வேலை இல்லை. கயிற்றின் ஒரு முனை ஏறுகிறவன் இடுப்பில். மறுமுனை கீழே நிற்கிறவன் இடுப்பில் மாட்டின இரும்புச் சாமானுக்குள் ஓடும். ஏறுகிறவன் நழுவினால் இவன் கயிற்றை இறுக்கி நிறுத்தணும். 'பிலே' என்கிறார்கள். மாமாவும் கடப்பாரையும் செய்த வேலைதான்.

முதலில் கிடைத்தது நம்ம தமிழ்நாட்டுப் பையன். வேற ஆபீஸ், ஞாயிறானால் பாறையில் கிடப்பவன். "வாங்க சார், கத்துக்குடுக்கறேன்" என்று உற்சாகமாகத்தான் ஆரம்பித்தான். டீ குடிக்கும்போது சொந்த ஊர் கேட்டான். சொன்னேன். "அங்கதான் எங்க சித்தப்பா வீடு. ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?" என்றான். ஏரிக்கு அந்தாண்ட என்றேன். ஏரிக்கு அந்தாண்ட யார் இருப்பார்கள் என்று அவன் சித்தப்பா சொல்லியிருப்பார். அந்த வாரம் கயிறு பழசாகிவிட்டது என்றான். அடுத்த வாரம் முழங்கால் வலி. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் பாறையில் தொங்குகிற படம் என் செல்போனுக்கு வந்தது, வேறொரு நண்பர் மூலமாக. சாதிக்காகத்தான் கழட்டிவிட்டான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இந்த மாதிரி விசயத்தில் சாட்சி நம்ம கைக்குச் சிக்குகிற மாதிரி எவனும் வைக்க மாட்டான்.

கோபத்தில் மலையேற்றச் சரித்திரமாகப் படித்தேன். 1922இல் எவரெஸ்டில் பனிச்சரிவில் செத்த ஏழு பேரும் சுமை தூக்கிகள். கூடப் போன வெள்ளைக்காரத் துரைகள் தப்பித்தார்கள். 1953இல் ஹிலாரி பனிப்பிளவுக்குள் விழுந்தபோது கயிற்றை இழுத்துப் பிடித்து நிறுத்தினது டென்சிங். அதற்குப் பிறகுதான் ரெண்டு பேரும் உச்சிக்குப் போனார்கள். இறங்கி வந்ததும் உலகம் கேட்ட கேள்வி, யார் முதலில் கால் வைத்தது என்பது.

கடைசியில் ஆபீசில் கூட வேலை செய்யும் கன்னடக்காரப் பெண் ஒருவர் ராமநகரத்து ஆள் ஒருவரின் நம்பர் குடுத்தார். வழிகாட்டியாகப் போவதுதான் அவருக்குப் பிழைப்பு. எங்கே படிச்சீங்க, கயிறு வாங்கி எத்தனை வருசம், மேலே எதில் கட்டுவீங்க என்று போனிலேயே கேட்டேன். கோபப்படாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இப்படிக் கேட்கிற ஆளோடு வரத்தான் எனக்கும் பிடிக்கும் என்றார்.

காலை ரயிலில் போய் இறங்கினேன். முப்பது வயசிருக்கும், கறுத்து ஒடிசலான ஆள். பாறையைச் சுற்றிப் பின்பக்கமாக ஏறி, மேலே அடித்திருந்த ரெண்டு இரும்பு ஆணியில் கயிற்றைக் கோத்துக் கீழே விட்டார். ஒருமணி நேரம் கயிறு பிடிக்கவே பழக்கினார். எது மறந்தாலும் கீழ்க்கை கயிற்றை விடக்கூடாது, ஈ மொய்த்தாலும் விடக்கூடாது என்றார். கையில் பூச வெள்ளைத்தூள் பையை நீட்டினார். தூசு என்றதும் கை தானாகப் பின்னால் போனது. ஏன் என்று கேட்டார். நைனா கதையைச் சொன்னேன்.

"எங்கப்பாவும் கல்லுதான்" என்றார். "நாங்க போவி. நீங்க யாவ ஜனா?"

எட்டு முடிச்சை அப்போதுதான் போட்டுக்கொண்டிருந்தேன். கர்நாடகத்தில் போவியும் அட்டவணைச் சாதிதான். ஆனால் பட்டியலில் ஒரே பக்கத்தில் இருப்பவர்கள் ஊரில் ஒரே பக்கத்தில் இல்லை. 'தீண்டத்தக்க' அட்டவணைச் சாதி என்று அங்கே ஒரு பேச்சே உண்டு. உள் ஒதுக்கீட்டுக்காக வருசக்கணக்கில் சண்டை. கிறிஸ்டின் என்று சொல்லி நழுவலாம். ஏரிக்கு அந்தாண்ட என்று மழுப்பலாம். "ஹொலெயா. எங்க ஊரில் பறையர்" என்றேன்.

அவர் ஒண்ணும் சொல்லவில்லை. குனிந்து என் முடிச்சை இழையிழையாகத் தடவிப் பார்த்தார். இடுப்புப் பட்டைக்குள் கையை விட்டு ரெண்டு தடவை ஆளையே இழுத்துப் பார்த்தார். கொக்கியின் திருகை இறுக்கிவிட்டு "ஹத்தி" என்றார். ஏறு.

அந்தப் பாறையில் பிடிப்பு என்று ஒன்றும் கிடையாது. வழவழப்பான சரிவு. குதிகாலைத் தாழ்த்தி ரப்பர் அடியை முழுசாகப் பதித்து நிற்கணும். பயந்து பாறையோடு ஒட்டிப் படுத்தால் கால் வழுக்கும். முப்பதடி போனேன். என் நினைப்பெல்லாம் காலில் இல்லை. கீழே இருக்கிற அந்தக் கையில். என்ன நினைக்கிறான்? ஏன் பேசலை? அந்த நினைப்பிலேயே கால் போச்சு.

ரெண்டடிகூட விழவில்லை. கயிறு இறுகி இடுப்பைத் தூக்கிப் பிடித்தது. குனிந்து பார்த்தேன். காலை உதைத்துக்கொண்டு, கீழ்க்கை தொடையோடு ஒட்டி, அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "கால நம்பு சார்" என்றார் தமிழில். அந்த ரெண்டு சொல் அவருக்குத் தெரிந்திருந்தது.

இறங்கினதும் என் பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்தார். அண்ணாந்து, உதட்டில் படாமல். நாங்களும் அப்படித்தான் குடிப்போம். அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கணும் என்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்த என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் நெட்டையாக நின்ற ஒரு பிளவைக் காட்டினார். ரொம்ப நாளாக ஏறணும் என்று இருக்கிறாராம். வருகிறவர்களை ஏற்றிவிடுவதிலேயே பொழுது போய்விடுகிறதாம். மேலே போய்க் கயிற்றை மாற்றிக் கட்டிவிட்டு வந்தார். ஒரு முனையைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

"நானா? காலையிலதானே கத்துக்கிட்டேன்."

"உங்க மாமா புடிச்சார்ல?"

அவர் முடிச்சை நான் தடவிப் பார்த்தேன். இடுப்புப் பட்டைக்குள் கையை விட்டு ரெண்டு தடவை இழுத்தேன். அவர் ஏற ஆரம்பித்தார். காலை ஒரு கல்லில் உதைத்துக்கொண்டேன். கீழ்க்கையை விடவில்லை. அவர் மேலே போய்ச் சேருகிற வரைக்கும் பேச்சுக் குடுக்கவில்லை.