சிடி 200க்கு மினுக்கம் அடிச்ச கதை

பரீட்சை முடிந்த கையோடு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பெற்றோல் டாங்கைப் பழுதாக்கினோம். மெய்யியலும் வரலாறும் படிக்கிற ஆக்களுக்குப் பெயின்ற் வேலை எதுக்கு என்று கேட்கலாம். கேட்டவையும் இருக்கினம்.

வண்டி எங்களில் ஒருவனுடைய அப்பாவின் ஹொண்டா சிடி 200. அப்பா இப்ப இல்லை. சாக்குப் போட்டு மூடி விறாந்தையில் கிடந்ததை எடுத்து, எஞ்சினை ஒரு மாதிரி ஓட வைச்சிட்டம். 1960களில் கலிபோர்னியாப் பக்கம் கஸ்டம் கார்களுக்கும் சொப்பர் பைக்குகளுக்கும் அடிச்ச மெட்டல் ஃபிளேக்தான் இதுக்கும் வேணும் என்று ஒரே பிடியாய் நின்றோம். சாதாரண மெட்டாலிக் பெயின்றில் துகள் தனியாகத் தெரியாது. ஃபிளேக்கில் ஒவ்வொரு துண்டும் தன் பாட்டுக்கு வெயிலைப் பிடிக்கும்.

அவன்ர அம்மா வவுனியாவுக்குப் போயிருந்த கிழமையில் டாங்கைக் கழற்றித் தேய்த்தோம். மேலே கறுப்பு, கீழே சிவப்பு, அதுக்கும் கீழே இரும்பு. பிறகு பான்சிக் கடையில் வாங்கின நீலத் துகளைக் கிளியரும் தின்னரும் விட்டுக் கலக்கினோம். கொஞ்ச நேரத்தில் நீலமெல்லாம் தின்னருக்குள் கழன்றுவிட்டது. மிஞ்சினது சுருண்ட வெள்ளிக் குப்பை. அதையும் விடாமல் அடிச்சுப் பார்த்ததுதான் எங்கட கெட்டித்தனம்.

அம்மா திரும்பி வந்து, முற்றத்தில் கிடந்த டாங்கைப் பார்த்தா. "அந்தக் கறுப்பு கொப்பா தன்ர கையால, பிரஷால அடிச்சதடா" என்றா. தொண்ணூறுகளில் பெற்றோல் வடக்குக்கு வராத காலம். நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடின வண்டி அது. மண்ணெண்ணெய் சிந்திச் சிந்திப் பெயின்ற் மங்க, கிடைச்ச கறுப்பை எடுத்து அப்பா பூசியிருக்கிறார். இது அவனுக்கே தெரியாது. அம்மா ஏசவில்லை, தேத்தண்ணி போட உள்ளே போனா. ஏசியிருந்தால் சுகமாய் இருந்திருக்கும்.

அதுக்குப் பிறகுதான் கோண்டாவில் பக்கம் ஒரு கராச்சில் பெயின்ற் அடிக்கிற அண்ணையிடம் போனோம். வாகனத்துக்கென்றே வாற ஃபிளேக் வேணும் என்றார். அது மெல்லிய பொலியெஸ்டர் படலத்தில் அலுமினியம் படிய வைச்சு, நிறம் ஏற்றி, அறுகோணமாய் வெட்டினது. தின்னருக்கு அசையாது. கொழும்புக்குப் போன சிநேகிதன் பஞ்சிகாவத்தைக் கடைகள் ஏறி இறங்கி 0.008 அங்குல நீலம் கொண்டு வந்தான். மகாபொலக் காசு அதோட சரி.

"கீழ வெள்ளி அடியுங்கோ தம்பியவை, இடைவெளி விழுந்தாலும் தெரியாது. கறுப்பெண்டால் ஒவ்வொரு ஓட்டையையும் காட்டிக் குடுக்கும்" என்றார் அண்ணை. அவன் கறுப்புத்தான் என்றான். நாங்கள் ஒன்றும் கதைக்கேல்லை.

வழமையான கன்னில் 1.3, 1.4 மில்லிமீற்றர் வாய். ஃபிளேக் அடைத்துப் போகும். 2 மில்லிமீற்றர் வாய் போட்டு, உள்ளே இருக்கிற வடியைக் கழற்றிவிட வேணும். ஃபிளேக் அடியில் போய் உட்காருகிற சாமான் என்பதால், கப்புக்குள் இரண்டு இரும்புக் குண்டு போட்டு ஆட்டி ஆட்டி அடிக்க வேணும். காற்று அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் துகள் டாங்கில் ஒட்டாமல் கராச் முழுக்கப் பறக்கும். (எங்கட தலைமுடியில் இரண்டு கிழமை இருந்தது.) முதலில் விளிம்புகளும் வளைவுகளும், பிறகு மேல்பக்கம். ஒரே மூச்சில் மூடப் பார்த்தால் வழியும். மெல்லிசாய் ஐந்து தரம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கால் மணித்தியாலம் சும்மா இருக்க வேணும். அந்தச் சும்மா இருக்கிறதுதான் எங்களுக்கு வராத வேலை.

காய்ந்த பிறகு தடவினால் அரம் மாதிரி இருக்கும். யூரியூப்பில் இந்த இடத்தை ஓட்டி விடுவார்கள். உண்மையான வேலை இங்கதான் தொடங்குது. மூன்று தரம் கிளியர், காய விட்டு, 600 ஆம் நம்பர் வோட்டர் பேப்பரைத் தண்ணியில் நனைச்சு மட்டமாய்த் தேய்த்து, திரும்பக் கிளியர். துகள் முழுக்கக் கிளியருக்குள் புதைய வேணும். பேப்பர் துகளில் முட்டினால் மேலுள்ள நீலம் போய் வெள்ளிப் புள்ளி தெரியும். வலப்பக்கம் கீழே அப்படி ஒரு இடம் இருக்கு. யார் தேய்ச்சது என்று சொல்லமாட்டம்.

கிளியருக்கு ஹார்ட்னர் கலந்தால்தான் பெற்றோல் சிந்தினாலும் தாங்கும். ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேற் இருக்கு, மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரைக்கும் கொண்டு போகும். அண்ணை மூக்கில் கட்டியிருந்தது ஒரு பழைய லேஞ்சி. கரித்தூள் வடி வைச்ச முகமூடியின் விலையைச் சொன்னோம். "இருவது வருசமா அடிக்கிறன்" என்று சிரித்தார், பிறகு கனநேரம் இருமினார். எங்கட டாங்குக்கும் லேஞ்சியோடதான் அடிச்சார். நாங்கள் வெளியில் நின்றோம். இதை எழுதாமல் விட ஏலாது.

இப்ப டாங்க் நிழலில் கறுப்பு, வெயிலில் கொண்டு வந்தால்தான் நீலம். அம்மா பார்த்தா, சீலைத் தலைப்பால் துடைச்சா, வெள்ளிப் புள்ளியில் விரல் வைச்சு, "இதென்ன தேமல்?" என்றா. பக்கத்து மூடி ஒன்று வீட்டுக்குள் கிடந்ததால் நாங்கள் தேய்க்காமல் தப்பியிருந்தது. பிரஷ் போன கோடு கூட அப்படியே இருக்கு. அதை அம்மாவே எடுத்துத் தந்தா. கழுவாமல் பூட்டினோம்.

நிறம் மாற்றினதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேணும். அந்தக் கடதாசி அலைச்சல் இனித்தான். இப்போதைக்குப் பெற்றோல் செட்டில், "அண்ணை, சிந்தாமல் அடியுங்கோ" என்று ஒவ்வொரு தரமும் சொல்றது அவன்ர வேலை.