மருந்துக்குப் போகும் வழி

ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நாம் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவர், இருபது வருஷ அநுபவம் உள்ளவர் என்று ஊரார் நம்மை மதிக்கிறார்கள். அந்த மதிப்புக்கு நமக்கு எவ்வளவு தூரம் அருகதை உண்டு என்பதை இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சிறுமி காட்டிக் கொடுத்தாள்.

ஒரு பாடவேளைக்குள் மூன்று தடவை எழுந்து, "ஸார், தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்பாள். திரும்பி வந்து உட்கார்ந்த சிறிது நேரத்துக்கெல்லாம் வெளியே போக வேண்டும் என்பாள். பின்னக் கணக்குக்குப் பயந்து தப்பித்துக் கொள்ளப் பார்க்கிறாள் என்று நாம் தீர்மானித்தோம். ஒரு நாள் அநுமதி மறுத்து நிற்கவும் வைத்தோம். குழந்தை நாளுக்கு நாள் இளைத்து வந்தது நம் கண்ணில் படவே இல்லை. அந்த வாரமே வாந்தி எடுத்து மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்த பிறகுதான், அது முதல் வகை நீரிழிவு என்று தெரிந்தது.

"மிட்டாய் நிறையத் தின்றாளோ?" என்று தெருவில் கேட்காதவர் இல்லை. இந்த நோய் தின்பண்டத்தால் வருவதன்று. உடம்பின் காவற்படையே, கணையத்தில் இன்ஸுலின் சுரக்கும் உயிரணுக்களைப் பகையென்று எண்ணி அழித்துவிடுகிறது. ஆகையால் ஆயுள் முழுவதும் இன்ஸுலின் செலுத்தியாக வேண்டும். 1922 ஜனவரியில், கானடா தேசத்து டொராண்டோ நகரில், லியனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன் முதலாக அந்த ஊசி போடப்பட்டது. மறு வருஷமே அதன் காப்புரிமையை, தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இன்ஸுலின் இலவசம். 1994-இல் ஏற்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அனுப்பி வைக்கிறது. மருந்து இலவசந்தான், மருந்துக்குப் போகும் வழியும் இலவசமா?

சிறுமியின் தாயார் கோயில் வாசலில் பூக் கட்டி விற்பவர். சாதாரண நகரப் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லையாகையால், காவிரிப் பாலத்தைத் தாண்டக் காசு வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் பூ வியாபாரம் ஏது? எந்தச் சீட்டை எந்த ஜன்னலில் நீட்டுவது, காலையில் எவ்வளவு மருந்து, மாலையில் எவ்வளவு என்ற குழப்பம் வேறு.

"எனக்குப் படிக்கத் தெரியாது, ஸார். டாக்டர் சொன்னதுக்கெல்லாம் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்" என்றார் அந்த அம்மாள்.

நமக்கு வெட்கமாயிருந்தது. தலையை ஆட்டுகிற பிள்ளைக்குப் பாடம் புரியவில்லை என்பது உபாத்தியாயருக்குத் தெரியாதா?

மறு மாதம் அரை நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு கூடவே போனோம். பெரிய காரியம் ஒன்றும் செய்துவிடவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, ஊசியின் அளவு, ரத்தச் சர்க்கரை என்று மூன்று பத்தி கோடு போட்டோம். சீட்டுகளையும் ரேஷன் கார்டின் நகலையும் ஒரே உறையில் போட்டோம். கடைசிப் பக்கத்தில், தாயார் கேட்க நினைத்தவற்றை எழுதிக்கொண்டோம். முதற் கேள்வி, "வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லையே, மருந்தை எங்கே வைப்பது?" என்பது. பெரிய மண்பானையில் ஈரமணல் பரப்பி, அதற்குள் சிறு பானை ஒன்றை வைத்து, நனையாதபடி மருந்தை அதில் வைக்கலாம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். கேள்விக்குப் பதில் அங்கேயே இருந்தது; கேட்பதற்குத்தான் ஆள் இல்லாமற் போயிற்று.

பத்திரிகை படிக்கும் குடும்பங்களுக்கு இது எட்டாத தர்மம் அல்ல. பக்கத்து வீட்டுக் குழந்தைக்காக மாதத்தில் அரை நாளும் ஒரு பென்ஸிலும் போதும். உபாத்தியாயர்களுக்கும் தாய்மார்களுக்கும் இன்னொன்று: தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு இவற்றைக் கண்டால், அன்றைக்கே விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்த நோட்டுப் புத்தகத்தைச் சிறுமியே எழுதுகிறாள். எங்கள் மேஜை அறையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறது. ரத்தச் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கி வியர்க்கும்போது, அவளே வந்து எடுத்துக்கொள்வாள். அதற்கும் தண்ணீருக்கும் அவள் நம்மிடம் அநுமதி கேட்க வேண்டியதில்லை.