தூக்கிக் கட்டினா போதுமா?

விழுப்புரம் டு புதுச்சேரி பஸ்ல ஏறி கண்டமங்கலத்துல இறங்குங்க பாஸ்! ரயில்னா சின்னபாபு சமுத்திரம் ஸ்டேஷன். ரோட்டை விட்டுக் கரும்புக் கொல்லைப் பக்கம் போனா, ரெண்டு ஓரமும் டிராக்டர் தடம், நடுவுல மண் மேடு. மழை பெஞ்சா பிக்கப்பே திணறும். ‘கமான் பட்டையை ஏத்தி வண்டியைத் தூக்கிடலாமே’ன்னு தோணுதா? பாடிதான் உயரும். பின் ஆக்ஸில் நடுவுல தொங்குற டிஃபரன்ஷியல் இம்மியும் உயராது. மேட்டுல இடிக்கிறதே அதுதான்! டயர் விட்டம் 2 அங்குலம் கூடினாத்தான் அது 1 அங்குலம் ஏறும். உயரம் ஏற ஏற, லோடோட திரும்புறப்ப கவிழுற ஆபத்தும் ஏறும். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஸோ, மழை நாள்ல வண்டியை ரோட்டோரம் நிறுத்திட்டு நடங்க. கரும்புக் காத்து ஃப்ரீ!